மேசையின் இடப்பக்கம்

மார்ச் 4, திங்கள்

பெனிட்டா சொல்லித்தான் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். வீட்டுக்கு வந்து என் கணவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண். "டீச்சர்தானே நீங்க, பசங்க ரெக்கார்டு நோட்டு எழுதற மாதிரி எழுதுங்க. என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார், எல்லாம்" என்றாள்.

சரி. காலையில் நான்கு இட்லி வைத்தேன். தட்டின் வலப்பக்கம் இருந்த இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு வெக்கமாட்டயா?" என்றார். தட்டைத் திருப்பி வைத்தேன். "இது எப்ப வெச்சே?" என்றார்.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இப்படி. இடது கை, இடது கால் பலவீனம். அதுகூடப் பரவாயில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லையாம். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் டாக்டர். வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். இல்லை என்பது தெரிந்தால்தானே தேடுவார்?

மார்ச் 7, வியாழன்

இரண்டு கரண்டி தயிர்சாதம். ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 11, திங்கள்

பேசினார். "பழைய கார் டைனமோ ஒண்ணு வேணும், சுலோ."

இவர் முப்பத்தாறு வருடம் கணபதிப் பகுதியில் பட்டறை வைத்து, மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். நாச்சிமுத்து என்றால் சிலருக்குத் தெரியாது, மோட்டார் வாத்தியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கருகிய காயிலை முகர்ந்து பார்த்தே, தண்ணீரில்லாமல் ஓடியதா, கரண்ட் ஏறி இறங்கியதா என்று சொல்லிவிடுவார். பட்டறை இப்போது அவருடைய சிஷ்யன் தண்டபாணியிடம் இருக்கிறது. அதனால் வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு தாளில் வரைந்து காட்டினார். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் டைனமோவைச் சுற்றும். டைனமோ மோட்டாருக்கே கரண்ட் கொடுக்கும், மிச்சத்தில் விளக்கும் எரியும். தொடங்கி வைக்க ஒரு பேட்டரி போதும். மின்வாரியமே வேண்டாம். யாரோ போனில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இதே படத்தை ஆறேழு வருடத்துக்கு முன் அன்னூரிலிருந்து ஒருவர் சுருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அன்று இவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஏனுங்க, உங்க தோள்மேல நீங்களே ஏறி உக்கார முடியுங்களா? நூறு குடம் ஊத்தினா மோட்டாரு எழுபதுதான் திருப்பிக் குடுக்கும். அந்த எழுபதை டைனமோவுல ஊத்தினா அம்பதுகூட வராது. மறுபடியும் ஊத்துங்க, குடமே மிஞ்சாது." நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்வதை இந்த மனிதன் நாலு வரியில் சொல்லிவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு அத்தனை பெருமை. சொன்ன அதே வாய்தான் இன்று டைனமோ கேட்கிறது.

மார்ச் 13, புதன்

உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். குடக் கணக்கையும் ஞாபகப்படுத்தினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "நீ புஸ்தகத்துல படிச்சவ" என்றார். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். வாதத்தில் நான் ஜெயித்தேன்.

மார்ச் 20, புதன்

ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை. நேற்று தண்ணீரைக்கூடத் துப்பினார். பெனிட்டா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "சரியா தப்பான்னு அவரோட மல்லுக்கட்டாதீங்க டீச்சர். அவரைக் கட்டிலை விட்டு எழுப்பற எதுவும் மருந்துதான்" என்றாள். சின்னப் பெண், எனக்குப் புத்தி சொல்கிறாள். அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது.

தண்டபாணிக்குப் போன் செய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

தண்டபாணி டைனமோ, சின்ன மோட்டார், பேட்டரி, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கிடந்த சக்கரம் எல்லாம் கொண்டுவந்து, பின்பக்கத்து ஷெட்டில் பழைய மேசைமேல் பூட்டினான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து ஏவினார். பெல்ட்டைக் கோணலாக மாட்டியதற்கு ஒரு வசவு வைத்தார். தண்டபாணி வெளியே வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "அண்ணன் திட்டிட்டாருங் டீச்சர். பத்து வாரம் ஆச்சுங் அவரு வாயில திட்டு வாங்கி."

பிறகு கேட்டான். "இது ஓடாதுங்களே?"

"ஓடாது."

"அப்புறமுங்?"

"நின்னா அவரே புரிஞ்சுக்குவாரு" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 28, வியாழன்

இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடியது. விளக்கு மங்கி, சக்கரம் நின்றது. பெல்ட்டை மாற்றினார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வாங்கி வந்தோம். மறுபடி இரண்டரை மணி. நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது வலது கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு, "என்னாட்டமே ஆயிப்போச்சு" என்றார்.

ராத்திரிச் சாப்பாடு இல்லை. புரிந்துகொள்ளவும் இல்லை.

மார்ச் 30, சனி

வாங்கியவை: முருங்கைக்காய், சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பாத்திரம் துலக்கும் பவுடர், பேட்டரி சார்ஜர், பதினைந்து மீட்டர் ஒயர். ஒயர் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். கோயில் விளக்குக்கு என்றேன்.

வாஷிங் மெஷின் பிளக் ஷெட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது. சுவரில் எலி வராமலிருக்கத் துணி அடைத்த ஓட்டை ஒன்று உண்டு. துணியை எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலை ஏழுக்கு ஓடத் தொடங்கியது. சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு தோசை சாப்பிட்டார். பாதியில் தட்டைத் திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

மூன்று நாளாக நிற்கவில்லை. ஷெட்டுக்கும் வீட்டுக்குமாகக் கோலை ஊன்றி நடக்கிறார், இன்று எட்டுத் தடவை. பெனிட்டா எண்ணச் சொன்னாள். வலது கன்னத்தை அவர் மழித்துக்கொண்டார், இடது கன்னத்தை நான் மழித்துவிட்டேன். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார்.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதை எழுதாத பிள்ளையை நூறு தடவை எழுத வைத்திருக்கிறேன், முப்பத்தொரு வருடம். அது எங்கேயும் போய்விடவில்லை. என் வீட்டில் மட்டும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சந்தனம் வலப்பக்கத்தில் மட்டும்.

அவர் ஷெட்டை விட்டு வந்ததும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். பேரிங்கில் தூசி போய்விடும் என்று சொல்லியிருக்கிறேன். "என்ற பொண்டாட்டிக்கும் நம்பிக்கை வந்திருச்சு" என்று போனில் யாரிடமோ சொன்னார்.

ஏப்ரல் 22, திங்கள்

பெனிட்டா புதுப் பயிற்சி தொடங்கினாள். தட்டின் இடது ஓரத்தில், பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினாள். "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க ஐயா. தெரிஞ்ச அப்புறம்தான் சாப்பிடணும், படிக்கணும்." டேப் இவருடைய கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தது. சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 29, திங்கள்

இன்று தானாகவே தலையைத் திருப்பி இடப்பக்கத்து இட்லியை எடுத்தார். பெனிட்டா கைதட்டினாள். நானும் தட்டினேன்.

அவள் போனதும் ஷெட்டுக்குப் போனேன். மேசையின் இடது காலோடு ஒயரை ஒட்டவைத்துக் கட்டி, முன்னால் சாக்கை விரித்தேன். பேட்டரிமேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்தேன். ஆசிட் வாடை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் குணமாக வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொள்கிறேன். மத்தியானம் இந்த வேலை செய்கிறேன்.

மே 3, வெள்ளி

தண்டபாணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பம்பு செய்பவர்கள் சங்கத்து இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். இன்ஜினியர் அருள்மொழி. என்னிடம் பிளஸ் டூ படித்தவன்தான்.

"இப்ப எதுக்குங்க அவசரம்?" என்றேன்.

"ஊருக்குத் தெரியோணும் சுலோ."

பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், போய்விடுவார்கள். பெரியவர் மனதை நோகடிக்க யாருக்கு மனம் வரும்? அப்படி நினைத்துக்கொண்டேன்.

மே 8, புதன்

மத்தியானம் முழுக்க மெஷின் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். "பேரிங் சூடாயிருச்சு" என்றார். சாயங்காலம் தானே ஓடவிட்டார். அரைத் தோசைதான் சாப்பிட்டார்.

"உனக்குக் கால் வலிக்குதா சுலோ? நாள் பூரா முன்னாலயும் பின்னாலயும் நடந்துட்டே இருக்கறே" என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் என் காலைப் பற்றி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

மே 10, வெள்ளி

ஒட்டடை அடித்தேன். ஒயரில் ஓர் இடத்தில் நான் சும்மா முறுக்கிவிட்டிருந்தேன், கம்பி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பார்த்தால் அங்கே சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. எப்போது சுற்றினேன் என்று ஞாபகமில்லை. வயதாகிறது.

மே 14, செவ்வாய்

"அவங்கள வரவேண்டாம்னு சொல்லீரலாம்" என்றார் காலையில்.

மறுபடி கட்டிலா? மறுபடி தண்ணீரைத் துப்புவதா? "ஏனுங்க, என்ன ஆச்சு?"

"மெஷின்ல ஒரு தப்பு இருக்குது."

"ஒரு தப்பும் இல்லை. பிசிக்ஸ் டீச்சர் நான் சொல்றேன், ஓடுதா இல்லையா? வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். "உனக்கு அவ்வளவு ஆசையா?"

"ஆமா."

"செரி. வரட்டும்."

மே 19, ஞாயிறு

நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். அருள்மொழி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். இவர் மெஷினை ஓடவிட்டார். விளக்கு எரிந்தது. நான் எதிர்பார்த்த பேச்சு ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள்மொழி மீட்டர் வைத்து அளந்தான், சக்கரத்தின் சுற்றை எண்ணினான், கால்குலேட்டரில் தட்டினான். முகம் மாறியது. இவன் கெட்டிக்காரன், பள்ளியிலேயே தெரியும்.

"டீச்சர், நீங்க பாத்துட்டீங்கதானே?"

"நீயே பாரு" என்றேன்.

"சந்தேகம் வந்தா இடத்தை மாத்தி வெச்சுப் பாருன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. மேசையோட தூக்கி வாசல்ல வெச்சுப் பாத்துரலாமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தண்டபாணி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான். குருமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது. பெட்டி சரிந்தது. சாக்கு விழுந்தது. சுவர் ஓட்டையிலிருந்து ஒயர் விறைத்துக்கொண்டு நின்று, பட்டென்று பிடுங்கிக்கொண்டது. அருள்மொழி அதைக் கையில் எடுத்து, சுவர் வரை போய், அந்தப்பக்கம் சுற்றிப்போய் சார்ஜரைப் பார்த்துவிட்டு வந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

"நாந்தா வெச்சேன்" என்றார் இவர். "டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

வாயை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்ணா..." என்றான் தண்டபாணி. "நீங்களாங்ணா? ஒரு சுத்து காயில் கொறைச்சுக் கட்டினதுக்கு என்னை அறைஞ்சவருங் நீங்க."

காபியைத் தொடாமல் போனார்கள். அருள்மொழி மட்டும் வாசலில் நின்று, "மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். நோயாளி" என்றான்.

மே 20, திங்கள்

யாரும் வரவில்லை. போனும் இல்லை.

மே 26, ஞாயிறு

தண்டபாணியின் பட்டறைக்குப் போனேன். ஒரு வாரமாகத் தெரு முழுக்க இதே பேச்சாம். மோட்டார் வாத்தியார் சுவருக்குப் பின்னால் ஒயர் விட்டு ஏமாற்றினாராம். இத்தனை வருடம் கட்டிக்கொடுத்த மோட்டாரிலெல்லாம் செம்பைக் குறைத்திருப்பாரோ என்று ஒரு கடைக்காரர் கேட்டாராம்.

"தண்டபாணி, அந்த ஒயரைப் போட்டது நான்" என்றேன். கடைக்குப் போனது, சார்ஜர் வாங்கியது, ஓட்டையில் துணியை எடுத்தது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். "டீச்சர், டேப்பு சுத்தியிருந்த அந்த ஜாயிண்டை நான் பாத்தனுங்க. பாதிக்குப் பாதி ஏத்திச் சுத்தி, கடைசிச் சுத்தை மட்டும் இழுக்காம ஒட்டியிருந்துது. இருவத்திரெண்டு வருசம் அடி வாங்கிக் கத்துக்கிட்டதுங் அது. இந்தத் தெருவுல அவரும் நானும்தான் அப்படிச் சுத்துவோம்."

"டேப் அவர் சுத்தியிருக்கலாம். ஒயர் நான்..."

"புருசனைக் காப்பாத்தோணும்னு தோணறது நாயந்தானுங்க. அதுக்காக நீங்க பொய் சொல்லாதீங்க. உங்க மேல ஒரு மரியாதை வெச்சிருக்கறமுங்."

பொய் சொன்னபோது அத்தனை பேரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன். "எப்பப் பாத்தீங்க?"

"சிவப்பைத் தேடித் தேடித் தலை தானாத் திரும்பப் பழகிருச்சு. அன்னிக்கு மேசைக்கும் திரும்புச்சு."

"ஏன் எங்கிட்டக் கேக்கலை?"

"கேட்டா நீ என்ன பண்ணுவே?"

"டேப் எதுக்குச் சுத்துனீங்க?"

"மொட்டைக் கம்பியா உட்டிருக்கறே. பேட்டரிப் பக்கத்துல பொறி பறந்தா வெடிச்சுருமல்லொ. நீதான தினமும் அங்க போய் நிக்கறே."

"வேண்டாம்னீங்களே. அப்பவே நிறுத்தியிருக்கலாமே."

"நீ ஆசைப்படறேன்னு நெனச்சேன்."

"நீங்க ஆசைப்படறீங்கன்னு நான் நெனச்சேன்."

"ஆருகிட்டயும் இனி சொல்லிட்டுத் திரியாதே" என்றார். "எம்பேரு போயிருச்சு. உன்றதாவது இருக்கட்டும். உங்கிட்டப் படிச்ச புள்ளைக தெருவுக்கு நாலு பேரு இருக்கறாங்க." அழுதேன். அவர்தான் தேற்றினார்.

ஜூன் 10, திங்கள்

பெனிட்டா இனி வரவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நன்றாகப் பார்க்கிறார், இடது கையும் பிடிக்கிறது. இப்படித் தேறியவர்கள் குறைவு என்றாள். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்.

வீட்டைவிட்டு வெளியே போக மாட்டேன் என்கிறார். தலைமுடி வெட்டிக்கொள்ளக்கூட.

ஜூலை 12, வெள்ளி

என் பழைய பள்ளியில் அறிவியல் மன்றத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினராக வரச்சொல்லித் தலைமையாசிரியை விமலா கூப்பிட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். தண்டபாணி ஒருவன் நம்பவில்லை என்பது ஒரு சாக்கா? மேடையில், மைக்கில் சொன்னால் யார் மறுப்பார்கள்?

விமலா என்னை அறிமுகப்படுத்தினாள். "எதையும் சோதிச்சுப் பாக்காம நம்பாதவங்க நம்ம சுலோசனா டீச்சர். சொந்த வீட்டிலேயே, சொந்தக் கணவரே தன்னால் ஓடும் இயந்திரம்னு ஒண்ணு செஞ்சப்போ, தன் மாணவரைக் கூப்பிட்டுச் சோதிக்க வெச்சு உண்மையை வெளிய கொண்டுவந்தவங்க. இதுக்குப் பேர்தான் அறிவியல் மனப்பான்மை." கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள்.

பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், அந்த ஒயரை சார் வெச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவ்வளவு தெளிவான கேள்வி. 'சார் வைக்கவில்லை' என்ற இரண்டு சொல் போதும். மைக் வாய்க்கு நேராக இருந்தது. முன்வரிசையில் விமலா சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை கழுத்தில் உறுத்தியது.

"சாக்பீஸ் கொண்டு வாம்மா" என்றேன். கரும்பலகையில் மோட்டார் எவ்வளவு எடுக்கும், டைனமோ எவ்வளவு திருப்பித் தரும் என்று எழுதி, மீதி எங்கிருந்தாவது வந்தால்தான் அது ஓடும், எனவே எங்கோ ஓர் ஒயர் இருந்தே தீரும் என்று நிறுவிக் காட்டினேன். ஒரு படி தப்பவில்லை. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுபடி கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவர், "நல்லாப் பேசினயா?" என்றார்.

"பேசினேன்."

"புள்ளைக என்ன கேட்டாங்க?"

சொன்னேன்.

"நீ என்ன சொன்னே?"

"கணக்குப் போட்டுக் காட்டினேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறி, இரண்டு கையாலும் நீவி மடித்து, கசங்காமல் பீரோவில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.